மறு: நியூக்ளியோகாப்சிட் – ‘உட்கருவுறை’ வேண்டாம், ‘மரபுச்சரம்’ சரிவருமா?

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். வெறிநாய்க்கடி வைரஸின் உள்ளே, அதன் மரபுச்செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ இழையும் அதைப் பற்றியிருக்கும் புரதமும் சேர்ந்த கட்டுதான் நியூக்ளியோகாப்சிட். துண்டுப் பிரசுரப் படத்தில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் போடுவது என்பதுதான் நம் பேச்சு.

> நியூக்ளியோகாப்சிட்டுக்கு ‘உட்கருவுறை’ என்றே வைத்துவிடலாம். உறை எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல்லாக இருப்பதுதான் அண்ணாச்சி தொந்தரவே. வெறிநாய்க்கடித் துண்டுப் பிரசுரத்தின் முதல் வரைவை எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ‘கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், சோப்பு வைரஸின் உறையைக் குலைத்துவிடும்’ என்று அதில் ஒரு வரி. மானூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, “சார், படத்துல ரெண்டு உறை போட்டிருக்கே, சோப்பு எதைக் குலைக்கும்?” என்றான். படத்தில் வெளியே ‘உறை’, உள்ளே ‘உட்கருவுறை’. போதாக்குறைக்கு, செல் பாடத்தில் உட்கரு உறை என்று வேறொன்றை அவர்கள் படித்து முடித்திருக்கிறார்கள். இந்த வைரஸுக்கு உட்கருவே கிடையாது!

வெளியே இருப்பது உறைதான், அதில் சண்டையில்லை. வைரஸ் செல்லைவிட்டுக் கிளம்பும்போது அந்தச் செல்லின் கொழுப்புச் சவ்விலேயே கொஞ்சத்தைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அதில் ஜி புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து முள்முள்ளாக நிற்கும். நரம்பு செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவது அந்த முள்ளால்தான். சோப்புப் பட்டால் கொழுப்பு கலைந்துவிடும். அதோடு முள்ளும் போச்சு, நுழையும் வழியும் போச்சு.

உள்ளே இருப்பதுதான் வேறு சங்கதி. ஏறக்குறைய 12,000 மரபெழுத்து நீளமுள்ள ஒற்றை இழை ஆர்என்ஏ. ஒன்பது எழுத்துக்கு ஒன்றாக, 1,300 சொச்சம் ‘என்’ (N) புரதங்கள் அதை நெருக்கமாகப் பற்றியிருக்கின்றன. அப்படியே அது சுருளாகச் சுற்றி, தோட்டா வடிவத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மொத்த நீளமே சுமார் 180 நானோமீட்டர்.

பாளை மார்க்கெட் வாசலில் பூக்கட்டும் அக்காவை நேற்றுச் சாயங்காலம் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழைநாரில் பிச்சிப்பூவை இடைவெளி தெரியாமல் கட்டுகிறார். முழம் போட்டு அளந்து, சுருளாகச் சுற்றி, வாழையிலையில் பொதிந்து நீட்டுகிறார். இலைதான் உறை. நார் ஆர்என்ஏ, பூ ‘என்’ புரதம். வீட்டுக்குப் போனதும் இலையைப் பிரித்துப் போடுவோம்; பூவை உதிர்த்துவிட்டு நாரை மட்டும் யாரும் தலையில் வைப்பதில்லை.

வைரஸிலும் அதே கதைதான். செல்லுக்குள் உறை கழன்றுவிடும், சரம் கலைவதில்லை. நகலெடுக்கும் எல் புரதம், பி புரதத்தின் துணையோடு, ‘என்’ புரதம் கோத்த ஆர்என்ஏவைத்தான் படிக்கும். வெறும் ஆர்என்ஏவைக் கொடுத்தால் வேலை ஓடாது. அடுத்த தலைமுறைக்காக எடுக்கும் முழுநீள நகலும், உருவாகும்போதே புரதத்தைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. கழற்ற வேண்டியதைத்தானே நாம் உறை என்போம்? கழற்றினால் வேலையே நின்றுபோகிற ஒன்றுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? அதனால்தான் ‘மரபுச்சரம்’ என்கிறேன்.

> சரம் என்பதைக் கணினிக்காரர்கள் ‘ஸ்ட்ரிங்’குக்கு எடுத்துக்கொண்டார்களே?

எடுத்துக்கொள்ளட்டும். முன்னால் ‘மரபு’ நிற்கும்போது குழப்பம் வராது. ‘மரபுப்புரி’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் வைக்கோல்புரி ஞாபகம் வந்து பிடித்துத்தான் இருந்தது. ஆனால் குரோமோசோமுக்கு ‘நிறப்புரி’ என்று ஏற்கெனவே புழங்குகிறது. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

என் சொல்லிலும் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். போலியோ வைரஸுக்கு இது ஒத்துவராது. அங்கே புரதம் உண்மையிலேயே ஒரு கூடு. ஆர்என்ஏ அதற்குள் அடைந்து கிடக்கிறது. அதைப் ‘புரதக்கூடு’ என்றே சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் காப்சிட் என்றே சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டுமா என்ன?

வெறிநாய்க்கடி வைரஸ் சேர்ந்திருக்கும் ‘லிஸ்ஸாவைரஸ்’ என்ற பேரினப் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். லிஸ்ஸா என்றால் கிரேக்கத்தில் வெறி. நம்மூரில் ‘கோட்டி பிடிச்ச நாய்’ என்கிறோமே, அதேதான். ‘கோட்டிவைரஸ்’ என்று போட ஆசைதான், மதுரைக்கு வடக்கே யாருக்கும் விளங்காது.

திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஞாயிறு ராத்திரிக்குள் மறுப்பு ஏதும் வராவிட்டால், படத்தில் வெளியே ‘உறை’, உள்ளே ‘மரபுச்சரம்’ என்று மாற்றிவிடுவேன்.

பாளையங்கோட்டையிலிருந்து,
உங்கள் தம்பி

பி.கு.: சுருளை இறுக்கி உறையோடு சேர்த்துப் பிடிக்கும் ‘எம்’ (M) புரதத்தை ‘அணைப்புப் புரதம்’ என்று எழுதியிருக்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். வேறு சொல் இருந்தால் கொடுங்கள், அண்ணாச்சி.