ஃப்ரீசரில் வைத்த ஐசிங் குக்கீஸ்: உங்களுக்கு என்ன நடந்தது?

பதிவு 1

மகளின் முதல் பிறந்தநாளுக்கு 60 குக்கி. 10 நாள் முன்பே சுட்டு, ராயல் ஐசிங் (காய்ந்ததும் ஓடு மாதிரி கெட்டியாகும் சர்க்கரைப் பூச்சு) போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். செய்முறை உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். விழா அன்று காலை டப்பாவை வெளியே எடுத்து மூடியைத் திறந்தேன். வெள்ளைத் தளத்தில் சிவப்பு பலூன், ஒரு கீறல் இல்லை. சந்தோஷத்தில் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நிற்பதற்குள் ஐசிங் மேல் மங்கலாக ஒரு படலம். அப்புறம் ஊசிமுனை அளவில் நீர்முத்துகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலூனின் ஓரத்திலிருந்து சிவப்பு மயிரிழையாகக் கசிந்து வெள்ளைக்குள் இறங்கியது. முதலில் ஒன்றில், பிறகு பக்கத்தில், பிறகு வரிசை முழுக்க. டிஷ்யூவால் ஒற்றினேன், பலூனே அதோடு வந்துவிட்டது. இரண்டு வருடம் ஆகிறது. அந்தச் சிவப்பு இறங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பதிவு 2

அக்கா, மூடியை உடனே திறந்ததுதான் காரணம். குளிர்ந்த குக்கி மேல் அறைக்காற்று பட்டால் ஈரம் அதன் மேலேயே படியும். ஐசிங் சர்க்கரைதானே, உடனே கரையத் தொடங்கும், நிறமும் ஓடும். மூடியபடியே விட்டால் ஈரம் டப்பாவின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

எனக்கு இது முன்பே தெரியும். அதனால்தான் அண்ணன் வீட்டு விழாவுக்கு டப்பாவைக் கொண்டுபோய் 5 மணி நேரம் காவல் காத்தேன். அண்ணன் மகனுக்கு 7 வயது. டப்பா மேல் பூத்திருந்த நீரில் விரலால் மீன் வரைந்துகொண்டிருந்தான். அவன் கை மூடிப் பக்கம் போனதும் கத்திவிட்டேன். விரலை அப்படியே மடக்கிக்கொண்டு போய்விட்டான். குக்கீஸ் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் வந்தன, எல்லாரும் பாராட்டினார்கள். அவன் மட்டும் கடைசிவரை ஒன்றுகூட எடுக்கவில்லை.

பதிவு 3

பதிவு 2 சொல்வது பாதிதான் சரி. நானும் மூடியைத் தொடவில்லை, இரவு முழுக்க விட்டுவைத்தேன். ஆனாலும் கசிந்தது.

தம்பியின் பட்டமளிப்புக்கு, வெள்ளைத் தளத்தில் கறுப்புத் தொப்பி. நல்ல மழைக்காலம். 6 மணி நேரம் காயவிட்டேன், தொட்டால் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். வெளியே எடுத்து வைத்த மறுநாள் ஒன்றைக் கையில் எடுத்தபோது மேல் ஓடு மெல்லிய சத்தத்தோடு உடைந்து பெருவிரல் உள்ளே இறங்கியது. அடியில் பசை. விரலை எடுத்தால் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நிறம். அந்த ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, நானே உள்ளே வைத்துப் பூட்டியது. முதல் பதிவு போட்டவர் எத்தனை மணி நேரம் காயவிட்டார் என்று யாருமே கேட்கவில்லை. அதற்குள் மூடி மேல் பழி போடாதீர்கள்.

பதிவு 4

என்னுடையது கசிவு இல்லை, வாசனை. முதல் கடி கடித்த தோழி மெல்லாமல் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பூண்டு. ஃப்ரீசரில் டப்பா இருந்த அதே தட்டில் அரைத்த பூண்டு விழுதும் இருந்தது. அந்தப் பார்வை போதும்.

இப்போது எழுத வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். ராயல் ஐசிங்கை ஒரு இரவாவது காயவிடுங்கள், காற்றில் ஈரம் அதிகம் என்றால் 24 மணி நேரம்கூட விடலாம். பக்கத்தில் ஒரு மின்விசிறி ஓடட்டும். சிவப்பு, கறுப்பு இரண்டையும் வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே போட வேண்டும். கலந்து சில மணி நேரம் வைத்தால் அடர் நிறங்கள் தானாகவே இன்னும் அடர்த்தியாகும், அதனால் தொடக்கத்திலேயே நிறத்தைக் கொட்டாதீர்கள். கொட்டினால் கசிவதும் கூடும். அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர். டப்பா முழுக்க நிரம்பாவிட்டால் மேலேயும் காகிதத்தைக் கசக்கி வையுங்கள், ஆடினால் ஓரம் உடையும். டப்பாவையே ஒரு ஜிப் கவருக்குள் போட்டால் வாசனை ஏறாது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும், கதவு ஓரத்தில் வைக்க வேண்டாம், அங்கே குளிர் ஏறி இறங்கும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் ஐசிங் இல்லாத வெறும் குக்கியை உறைய வையுங்கள், விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எடுத்து ஐசிங் போடலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பட்டர்கிரீம் (வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த மென்மையான கிரீம்) போட்டது என்றால் முதலில் தட்டில் திறந்தபடி உறைய விட்டு, கெட்டியானதும் டப்பாவில் அடுக்குங்கள். புது நிறம் வாங்கினால் இரண்டே இரண்டு குக்கியில் போட்டு ஒரு வாரம் முன்பே சோதித்துப் பாருங்கள்.

பதிவு 5

எல்லாமே சரியாக வந்த கதை ஒன்று. தங்கை கல்யாணத்துக்கு ஒவ்வொரு குக்கியிலும் இரண்டு பெயரும் தேதியும் எழுதி உறைய வைத்திருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் அந்த டப்பா கண்ணில் படும். தூக்கிப்போட மனம் வரவில்லை.

கடைசியில் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு எடுத்து வைத்தேன், காலையில் திறந்தேன். ஒரு எழுத்துகூட கலையவில்லை. தேதி மட்டும் பழையது. அதன் மேல் புது ஐசிங்கில் ஒரு பூ போட்டு மறைக்க உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தார். "இதை மறைக்காதேம்மா, இது எனக்கு" என்றார். பழைய தேதியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் வைத்திருந்தார். அப்புறம்தான் சாப்பிட்டார்.

பதிவு 6

முதல் பதிவு போட்டவள்தான். பதிவு 3 கேட்டதற்கு: மின்விசிறிக்கு அடியில் ஒரு இரவு முழுக்கக் காயவிட்டேன், 12 மணி நேரத்துக்குக் குறையாது. தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. அப்படியென்றால் எனக்கு மூடிதான். அடுத்த மாதம் மறுபடி செய்யப்போகிறேன், அதே சிவப்பு பலூன்தான் வேண்டும் என்கிறாள் மகள்.

பதிவு 2, அண்ணன் மகனுக்குத் தனியாக ஒன்று செய்து கொடுத்தீர்களா? மீன் வடிவத்தில்?