வீட்டு வரி மேல்முறையீடு: புதுப்பிப்பு

வீட்டு வரி ஒரேயடியாக ஏறிவிட்டது, மதிப்பீட்டை எதிர்த்து மனு கொடுக்கப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, முடிவு வந்துவிட்டது. வரியைக் குறைத்திருக்கிறார்கள்!

வரி அதிகம் என்று புலம்பினால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, பதிவேட்டில் எது தவறு என்று காட்ட வேண்டும். மதிப்பீட்டு நகலை வாங்கி அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு ஒவ்வொரு அளவாக ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, பக்கச்சுவரே இல்லாமல் தகரக் கூரை மட்டும் போட்ட கார் ஷெட்டையும் கட்டடப் பரப்பில் சேர்த்து, ஒரு முழு அறைக்கான விகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து மனுவோடு இணைத்தேன். மறு அளவீட்டுக்கு வந்தவர் டேப் பிடித்து அளந்து அங்கேயே குறித்துக்கொண்டார், அதை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம், மனு நிலுவையில் இருக்கும்போது வரி கட்டணுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டினேன். பல இடங்களில் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும், சில இடங்களில் மேல்முறையீட்டையே ஏற்க மாட்டார்கள். எனக்குக் கூடுதலாகப் போனதை அடுத்த தவணையில் கழித்துக்கொள்கிறார்கள்.

மனு கொடுப்பதற்கான கெடு ரொம்ப முக்கியம். வரி நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள், மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.