அப்பாவுக்கு சுகர் வந்துடுச்சு, எந்த காய் குடுத்தா குறையும்?

பாபநாசத்தான்:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, போன மாசம் ரத்தம் எடுத்து பாத்ததுல சுகர்னு சொல்லிட்டாங்க, மெட்பார்மின்னு சுகர் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. டாக்டர் "காய்கறி நெறைய சாப்பிடுங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு, அதுக்குள்ள அடுத்த டோக்கன் கூப்பிட்டுட்டாங்க. நாங்க வயக்காட்டு ஆளுங்க, அப்பாவுக்கு மூணு வேளையும் சோறுதான், மதியம் தட்டுல சோத்த குமிச்சு நடுவுல குழி பண்ணி வத்தக்குழம்ப ஊத்திப்பாரு, காய்ங்கறது ஓரத்துல ஊறுகா மாதிரி ரெண்டு ஸ்பூன், அதுவும் பாதி நாள் உருளைக்கெழங்கு வறுவல் இல்லன்னா வாழக்கா. இதுல சித்தப்பா வேற வாட்ஸ்அப்புல தினம் ஒண்ணு அனுப்புறாரு, சுரக்கா ஜூஸ் வெறும் வயித்துல, வாழத்தண்டு ஜூஸ், பாவக்கா ஜூஸ்னு. அம்மா மிக்சிய கழுவி வச்சிட்டு காத்துகிட்டு இருக்காங்க. நெசமாவே எந்த காய்க்கு சுகர் குறையும்?

டயட்அக்கா:
தம்பி, மிக்சிய மொதல்ல பரண்ல ஏத்த சொல்லுங்க. ஜூஸ் அடிச்சு வடிகட்டினா நார் பூரா சக்கையோட குப்பைக்கு போயிடும், நமக்கு வேண்டியதே அந்த நார்தான், அதுதான் சோத்துல இருக்குற மாவு சக்கரையா மாறி ரத்தத்துல குபுக்னு ஏறாம மெதுவா ஏற வைக்கும். சுகர எறக்குற ஒரு காய்னு தேடாதீங்க. தட்டுல பாதி காய், மீதில சோறு கொஞ்சம், பருப்பு கொஞ்சம், அவ்ளோதான் விஷயம். இன்னொண்ணு, காய மொதல்ல சாப்பிட்டுட்டு அப்பறம் சோத்துக்கு போனா சாப்பாட்டுக்கு அப்பறம் ஏறுற சுகர் குறையுது, வீட்டுல சுகர் பாக்குற மெஷின் இருந்தா நீங்களே ரெண்டு நாள் மாத்தி மாத்தி பாருங்க. உலக சுகாதார நிறுவனம் பழமும் காயும் சேத்து ஒரு நாளைக்கு 400 கிராம்னு சொல்லுது, அதுல உருளைக்கெழங்கு, மரவள்ளி கணக்குல வராது. வாழக்கா, சேனையும் மாவுதான். சோத்துக்கு வாழக்கா வறுவல்னா அது சோத்துக்கு சோறே தொட்டுக்கற மாதிரி! வெண்டக்கா, அவரக்கா, கொத்தவரங்கா, பொடலங்கா, பீர்க்கங்கா, கீரை இதெல்லாம் தாராளமா போடுங்க. பாவக்கா பொரியலா வாரம் ஒருநாள் ஓகே, தினம் ஜூஸா குடிச்சா மாத்திரையும் சேந்து சுகர் ரொம்ப எறங்கி தல சுத்த வாய்ப்பிருக்கு, அத டாக்டர கேக்காம பண்ணாதீங்க.

கொள்ளிடப்படுகை:
சுரக்கா ஜூஸ் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க பங்காளி ஒருத்தரு கசப்பா இருந்தும் "கசந்தாதான் மருந்து"ன்னு மூக்க புடிச்சிகிட்டு ஒரு டம்ளர் குடிச்சாரு, அரைமணி நேரத்துல ரத்த வாந்தி, மூணு நாள் ஆஸ்பத்திரி. சுரக்கா, பீர்க்கங்கா, வெள்ளரி இதுல எல்லாம் சில காய்ல கசப்பு நஞ்சு ஏறி இருக்கும், வெளிய பாத்தா தெரியாது. நாங்க நறுக்குறதுக்கு முன்னாடி காம்பு பக்கம் ஒரு சீவல் சீவி நாக்குல வச்சு பாப்போம், கசந்தா துப்பிட்டு காய குழில போட்டுடுவோம், மாட்டுக்கு கூட வைக்க மாட்டோம்.
அப்பறம் நான் படுகைல கத்திரி போடுற ஆளு, அதனால உள்ளத சொல்றேன், தண்டுப்புழு காய்ப்புழுக்கு மருந்தடிக்காம கத்திரிக்கா எடுக்குறது கஷ்டம். நல்லா ஓடுற தண்ணில தேச்சு கழுவுங்க, கழுவிட்டு நறுக்குங்க, நறுக்கிட்டு கழுவினா சத்தும் தண்ணியோட போயிடும். கொல்லைல எடம் இருந்தா ஆடில ஒரு அவரப்பந்தல் போட்டு விடுங்க, தை மாசி வரைக்கும் காய்க்கும்.

சோறுகண்டஇடம்:
எல்லாரும் சோத்த ஏன் திட்டுறீங்க? எங்க தாத்தா ஒரு உருண்ட சோறு ஒரு கிலோ இருக்கும், 88 வயசு வரைக்கும் மாத்திரைன்னா என்னன்னு தெரியாது.

டயட்அக்கா:
உங்க தாத்தா ஏர் பின்னாடி நடந்தாரு. இப்ப உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின், நாம வரப்புல நின்னு போன் பாக்குறோம். சோறு மட்டும் அதே அளவு.

குடவாசல்மாமி:
வாழத்தண்டு ஜூஸ் வேண்டாம், கூட்டா பண்ணுங்கோ. வட்ட வட்டமா நறுக்கறச்சே வர நார விரல்ல சுத்தி சுத்தி எடுத்துட்டு, பொடியா நறுக்கி மோர் கலந்த தண்ணில போட்டா கறுக்காது, பயத்தம்பருப்பு சேத்து கூட்டு. ஆனா எங்காத்து மாமாவுக்கு கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் ஏறினதுலேந்து தண்டு, கீரை எல்லாம் டாக்டர் கொறைக்க சொல்லிட்டார், பொட்டாசியம் ஜாஸ்தியாம், மத்த காயக்கூட வேக வச்சு தண்ணிய கொட்டிட்டுதான் தாளிக்கறேன். உங்கப்பாவுக்கும் கிட்னி டெஸ்ட் பாத்தாச்சான்னு கேட்டுக்கோங்கோ.
அம்மாவும் சாப்பிடறாளா? எல்லாருக்கும் போட்டுட்டு கடைசில மோர் சாதத்தோட எழுந்துண்டுடுவா. முருங்கக்கீரைல இரும்புச்சத்து, ஒரு மூடி எலுமிச்சை பிழிஞ்சா உடம்புல நன்னா ஒட்டும், ஆனா சாப்ட்ட கையோட டிகிரி காபி குடிச்சா அது ஒட்டாது, ஒரு மணி நேரம் போகட்டும். இத சொன்னா எங்காத்துல சண்டை வரது, அது வேற கதை.

பாபநாசத்தான்:
எல்லாருக்கும் நன்றி. கிரியாட்டினின் ரிப்போர்ட் இருக்கு, நார்மல்தான். நேத்து அம்மா மொத கிண்ணம் பூரா கொத்தவரங்கா உசிலி வச்சிட்டு, இது தீந்தாதான் சோறுன்னாங்க. அப்பா "நான் என்ன ஆடா"ன்னு கத்திட்டு, தின்னு முடிச்சிட்டாரு. சோறு வழக்கமா மூணு கரண்டி, நேத்து ஒண்ணரைல எழுந்துட்டாரு. ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடைல வாழக்கா பஜ்ஜி ரெண்டு சாப்பிட்டதா பக்கத்து வீட்டு அண்ணன் போன் பண்ணி சொல்றாரு.

குடவாசல்மாமி:
அதுவும் காய்தானேன்னு சொல்லுவார் பாருங்கோ.