புதுப்பிப்பு: மவுஸ் இல்லாமல் மளிகை ஆர்டர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் நடத்தும் மளிகைக் கடையின் இணையதளத்தைப் பார்வையில்லாதவர்களும் பயன்படுத்த எங்கிருந்து தொடங்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையை மட்டும் வைத்து ஆர்டர் போடச் சொன்னீர்கள். கூடை வரை போனேன், பணம் கட்டும் பொத்தானைத் தொடவே முடியவில்லை. அதை வெறும் டிவ் ஆக, அதாவது டேப் விசை நிற்காத சாதாரணப் பெட்டியாக, எழுதியிருந்தேன். நிஜப் பொத்தானுக்கான பட்டன் டேக்காக மாற்றியதும் சரி.

அப்புறம் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருளான என்விடிஏவைக் கணினியில் போட்டு, திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். பருப்புப் படத்தின் இணைப்புக்கு வந்தால் கோப்பின் பெயரை வாசிக்கிறது! "துவரம் பருப்பு, 1 கிலோ" என்று, படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரை கொடுத்தேன். பக்கத்தின் நிரலில் மொழி ஆங்கிலம் என்று குறித்திருந்ததைத் தமிழ் என்று மாற்றினேன். வெளிர் சாம்பல் எழுத்தையும் கருமையாக்கினேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டுமாம்.

நேற்று பார்வையில்லாத வாடிக்கையாளர் ஒருவர் ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசிக்கும் டாக்பேக் வைத்து ஆர்டர் போட்டார். "தம்பி, முதல் தடவையா யாரையும் கேக்காம நானே போட்டேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. போன் எண் பெட்டியில் மட்டும் தடுமாறினாராம், அது எதற்கான பெட்டி என்று சொல்லும் லேபிளை நான் வைக்கவில்லை. இன்று ராத்திரி அந்த வேலைதான்.