மறுமொழி: ‘எலிமினேஷன் டயட்’ = ‘ஆய்வுப் பத்தியம்’?

குழுவினருக்கு வணக்கம்.

நாள்பட்ட குடல்நோய் உள்ள நாய்களை வளர்ப்பவர்களுக்காக எழுதிவரும் கையேட்டில், ‘எலிமினேஷன் டயட்’ என்பதற்கு, அதாவது தொல்லைக்கு உணவுதான் காரணமா என்று அறியச் சில காலம் ஒரே ஓர் உணவை மட்டும் கொடுத்துப் பார்ப்பதற்கு, ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். விலக்கல் உணவு, நீக்கல் உணவு, உணவுக் கட்டுப்பாடு, உணவுநெறி என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எழுதியவர்களுக்கு நன்றி. ஆனாலும் ‘ஆய்வுப் பத்தியம்’ என்ற என் முன்மொழிவை நான் விடுவதாக இல்லை. காரணத்தைச் சொல்ல நோயைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு மேல் விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு, வாந்தி, எடை இழப்பு என்று இருக்கும் நாயை மருத்துவர் பார்க்கிறார். குடற்புழு இல்லை, கணையம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சரி என்று உறுதியானதும் குடலே நோயின் இடம் என்ற முடிவுக்கு வருகிறார். இப்படிப்பட்ட நாய்களில் பெரும்பங்கு உணவை மாற்றினாலே தேறிவிடுகின்றன. ‘ஃபுட் ரெஸ்பான்சிவ் என்டெரோபதி’ என்பார்கள். ‘உணவால் தணியும் குடல்நோய்’ என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அருமையான சொல்.

எந்த நாய் இந்த வகை என்பதை முன்கூட்டியே காட்டித் தரும் நம்பகமான ரத்தப் பரிசோதனையோ எச்சில் பரிசோதனையோ கிடையாது. ஒரே ஓர் உணவை மட்டும் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. குடல் அறிகுறிகள் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தெரிந்துவிடும். தோல் அரிப்பும் சேர்ந்திருந்தால் எட்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். அந்தச் சோதனை முடியும்வரை பிஸ்கட் இல்லை, கடிக்கத் தரும் எலும்பு இல்லை, மேசையிலிருந்து விழும் துண்டு இல்லை. இறைச்சிச் சுவை ஏற்றிய மாத்திரைகூடக் கூடாது. மருந்துக்கு வேறு வடிவம் உண்டா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வீட்டில் யாரோ ஒருவர் பரிதாபப்பட்டு நாளுக்கு ஒரு பிஸ்கட் போட்டாலே முடிவு குழம்பிவிடும். நாய் தேறாது. ‘உணவுக்கு மசியாத நோய்’ என்று முடிவு கட்டப்பட்டு, தேவையே இல்லாமல் ஸ்டீராய்டுக்குப் போகும். அதனால் இந்தச் சொல், கேட்ட மாத்திரத்தில் ‘இதைத் தவிர வேறு எதுவும் ஆகாது’ என்ற எண்ணத்தை வீட்டில் உள்ள எல்லாருக்கும் உண்டாக்க வேண்டும். மற்ற தகுதிகளையெல்லாம் நான் இதற்கு அடுத்துதான் பார்க்கிறேன்.

இனி வந்த பரிந்துரைகள்.

> விலக்கல் உணவு நேரடியான பெயர்ப்பு, தெளிவாகவும் இருக்கிறது.

தெளிவு இல்லை ஐயா. ‘விலக்கல் உணவு’ என்று வாசிப்பவருக்கு ‘விலக்க வேண்டிய உணவு’ என்றுதான் தோன்றும். மருத்துவர் கொடுக்கச் சொன்ன ஒரே உணவைத் தவிர்க்க வேண்டியது என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ‘நீக்கல் உணவு’க்கும் இதே சிக்கல்தான்.

> உணவுக் கட்டுப்பாடு என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே.

தெரிந்த சொல்தான், அதுதான் பயமாக இருக்கிறது. உணவுக் கட்டுப்பாடு என்றால் அளவைக் குறைப்பது என்றே இன்று பழகிவிட்டது. இந்த நாய்கள் ஏற்கெனவே மெலிந்தவை. உண்பது உடலில் ஒட்டாமல் போகிறது. அளவைக் குறைத்தால் இன்னும் வாடிப்போகும். இங்கே வயிறு நிறையத்தான் கொடுக்கிறோம். ஒன்றை மட்டும் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

‘உணவுநெறி’ நல்ல சொல். ஆனால் அது வாழ்நாள் பழக்கத்தைச் சொல்கிறது. கெடு வைத்துச் செய்யும் சோதனை என்ற பொருள் அதில் இல்லை.

பத்தியம் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மருந்தோடு சேர்ந்தது, நாள்கணக்கு உள்ளது, மீறினால் மருந்து வேலை செய்யாது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. ‘பத்தியம் இருக்கிறேன்’ என்பவரிடம் யாரும் ‘கொஞ்சம் மட்டும் சாப்பிடுங்கள்’ என்று வற்புறுத்துவதில்லை. நாய்க்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை. வடமொழி வழி வந்த சொல் என்று அம்மா ஒருவர் சுட்டிக்காட்டியது சரிதான். தனித்தமிழ் நோக்கில் அவர் கேட்பதை மதிக்கிறேன். ஆனால் நோயாளி வீட்டில் நூற்றாண்டுகளாகப் புழங்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பழக்க இந்தக் கையேட்டில் இடம் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தச் சொல்லோடு குடும்பமே வந்துவிடுகிறது. நாய் தேறியதும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, தொல்லை மீண்டும் வருகிறதா என்று பார்ப்பது சோதனையின் இரண்டாம் பாதி. வந்தால்தான் உணவே காரணம் என்று உறுதியாகும். இதற்குப் ‘பத்திய முறிப்பு’ என்று வைக்கலாம். யாரோ போட்ட பிஸ்கட்டால் தானாகக் கெட்டுப்போவது ‘பத்திய முறிவு’. முறிதல் வேறு, முறித்தல் வேறு என்பது தமிழருக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அப்புறம், மருந்து முடிந்த பிறகும் தொடர்வதற்கு ‘மறுபத்தியம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. தேறிய நாய்க்கு நீண்டகாலம் கொடுக்கும் உணவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ‘நாவல் புரோட்டீன்’, அதாவது அந்த நாய் இதுவரை தின்றிராத புரதம். ‘புதுப் புரதம்’ என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. பொட்டலத்தின் மேல் ‘புதிய’ என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று வாங்கிவந்துவிடுவார்கள். இங்கே புதுமை உணவில் இல்லை, நாயின் கடந்தகாலத்தில் இருக்கிறது. வாத்து இறைச்சி ஒரு நாய்க்குப் புதிது. அதையே குட்டியிலிருந்து தின்று வளர்ந்த நாய்க்கு அது பழையது. ஆகவே ‘உண்டறியாப் புரதம்’ என்று முன்மொழிகிறேன். அந்தச் சொல்லே ‘இதுவரை என்னென்ன தின்றிருக்கிறது?’ என்ற கேள்வியை எழுப்பும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஆட்டிறைச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதைக் கையேட்டில் தனியாக எழுதியிருக்கிறேன். கடையில் கிடைக்கும் ‘ஒற்றை இறைச்சி’ உணவுகள் சிலவற்றில் அட்டையில் சொல்லாத வேறு இறைச்சியும் கலந்திருந்தது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அதனால் சோதனைக் காலத்துக்கு மருத்துவர் குறித்துத் தரும் உணவே பாதுகாப்பு.

‘ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன்’ என்பதற்கு ‘நீராற்பகுத்த புரதம்’ என்று பாடநூல் வழியிலேயே போகலாம். ‘சிதைத்த புரதம்’ வேண்டாம், கெட்டுப்போனது என்று தோன்றும். புரதத்தை மிகச் சிறிய துணுக்குகளாக வெட்டிவிட்டால் நோயெதிர்ப்பு அமைப்புக்கு அதை அடையாளம் தெரிவதில்லை. எழுத்துகளைக் கலைத்துப்போட்டால் சொல்லை வாசிக்க முடியாததைப் போல. முன்பு தின்றவை என்னவென்றே தெரியாத தத்து நாய்களுக்கு இது நல்ல தேர்வு.

கொழுப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். குடலின் நிணநாளங்கள் (நிணநீர் ஓடும் குழாய்கள்) விரிந்து புரதம் கசியும் நோயில் கொழுப்பு குறைந்த உணவுதான் முதல் மருந்து. அங்கே ‘டிரை மேட்டர் பேசிஸ்’, அதாவது உணவிலுள்ள நீரைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் முறை, தெரியாமல் இரண்டு அட்டைகளை ஒப்பிட முடியாது. ஈர உணவு டப்பாவில் கொழுப்பு 3%, நீர் 78% என்று இருக்கிறது. உலர் உணவில் கொழுப்பு 10%, நீர் 10%. பார்த்தால் டப்பாவில்தான் குறைவு. நீரைக் கழித்தால் டப்பாவில் 22 பங்குக்கு 3, அதாவது சுமார் 13.6%. உலர் உணவில் 90-க்கு 10, சுமார் 11.1%. ‘உலர்பொருள் கணக்கு’ என்று எளிமையாகச் சொன்னால் போதாதா? ‘அடிப்படை’ என்பதைவிடக் ‘கணக்கு’ செய்ய வேண்டியதைச் சொல்கிறது.

ஓர் எல்லையையும் குறித்துவைக்கிறேன். கணையம் போதிய நொதி சுரக்காத நாய்க்கு ஆய்வுப் பத்தியம் விடை அல்ல. ஒவ்வொரு வேளை உணவிலும் நொதிப்பொடி கலந்தாக வேண்டும், பல நாய்களுக்கு பி12 வைட்டமினும் தேவைப்படும். எனவே ‘பத்தியம்’ என்பதை எல்லா மருத்துவ உணவுக்கும் பொதுப்பெயராக்காமல், இந்தச் சோதனைக்கும் அதன் தொடர்ச்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்வோம்.

‘உண்டறியாப் புரதம்’ நாவில் புரள்கிறதா என்று உங்கள் வீட்டில் வாசித்துக் காட்டி எழுதுங்கள். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். கையேடு அச்சுக்குப் போகுமுன் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்