புதுப்பிப்பு: துப்புரவு டெண்டர் நிராகரிப்பு, காரணம் தெரிந்தது

ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன்: தென்காசிப் பக்கம் ஒரு நகராட்சியின் பஸ் ஸ்டாண்ட் துப்புரவு டெண்டரில் எங்கள் விலைக் கவரைத் (தகுதி ஆவணங்கள் உள்ள தொழில்நுட்பக் கவர் பாஸானால்தான் இதைத் திறப்பார்கள்) திறக்காமலே தள்ளிவிட்டார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடச் சொன்னவர்களே அதிகம். அதற்கு 30 நாள் ஆகும், முதலில் டெண்டர் போர்ட்டலில் தொழில்நுட்ப மதிப்பீட்டைப் பாருங்கள் என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. ஒரே வரி: அனுபவச் சான்று ஏற்கப்படவில்லை. நேரில் போனேன். கிளார்க் ஃபைலைப் புரட்டிக் காட்டினார். கேரளாவில் ஆரியங்காவுப் பக்கம் செய்த வேலைக்கு வாங்கிய சான்று முழுக்க மலையாளம்; ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. எங்கள் ஊரில் மலையாளம் பேசாத கடை கிடையாது, வாசிக்கத்தான் ஆளில்லை போல!

மேல்முறையீட்டுக்கு வழியில்லை. 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் போக வேண்டும். நான் முழித்தபோது அது தாண்டிவிட்டது.

அடுத்த டெண்டரில் நோட்டரி கையெழுத்தோடு தமிழ் மொழிபெயர்ப்பைச் சேர்த்தேன். தொழில்நுட்பக் கவர் பாஸ். விலையில்தான் இரண்டாமிடம், 4,000 ரூபாயில் போச்சு. பழைய டெண்டருக்குக் கட்டிய முன்வைப்புத்தொகை (டெபாசிட்) இன்னும் கணக்குக்கு வரவில்லை, வந்தால் எழுதுகிறேன்.