புத்தக முதுகு எத்தனை மில்லிமீட்டர்? மூன்று விதமாகக் கணக்குப் போட்டும் மூன்றும் தப்பு, உதவுங்கள்

நடத்துநர்மகள்:

வணக்கம். என் அப்பா 34 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பழைய நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருந்ததையெல்லாம் நான் தட்டச்சு செய்து புத்தகமாகப் போடுகிறேன். பதிப்பகம் கிடையாது, சொந்தக் காசு. தை மாதம் அவருக்கு 75 வயது. அதற்குள் கையில் புத்தகம் வேண்டும்.

டெம்மி அளவு, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம். 198 பக்கம். உள்ளே கறுப்பு மை மட்டும், 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ தாள். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன்.

அட்டையை நானே வடிவமைத்தேன். முன்னும் பின்னும் சந்தன நிறம், முதுகு, அதாவது அலமாரியில் அடுக்கும்போது வெளியே தெரியும் ஒட்டிய ஓரம், மட்டும் அரக்குப் பட்டை. முதுகு அகலத்துக்கு அமேசான் கேடிபி (எழுதியவரே புத்தகம் போடும் அமேசான் சேவை) சொல்லும் கணக்கை எடுத்துக்கொண்டேன். கிரீம் தாள் என்றால் பக்கத்துக்கு 0.0025 அங்குலம், 198 பக்கத்துக்கு 12.6 மிமீ வருகிறது. வெள்ளைத் தாள் என்றால் 0.002252, அதில் 11.3 மிமீ. எங்கள் சித்தப்பா மகன் இன்ஜினியர். அவன் "ஒரு தாள் 0.09 மிமீ, 198ஆல் பெருக்கு" என்று 17.8 சொன்னான். நான் 12.6 வைத்து, ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் மாதிரிப் பிரதி ஒன்று எடுத்தேன். வந்ததைப் பார்த்தால் அரக்குப் பட்டை முன்னட்டையிலும் பின்னட்டையிலும் ஒரு கோடாக எட்டிப் பார்க்கிறது. அளந்தால் முதுகு 9 மிமீதான்! அச்சகத்தில் கேட்டதற்கு "நீங்க குடுத்த ஃபைல்தாங்க" என்றார்கள். அதுவும் உண்மைதான்.

அடுத்த குழப்பம் விலை. டிஜிட்டலில் பிரதிக்கு 112 ரூபாய், 50க்கு மேல் எத்தனை போட்டாலும் அதே விலை. ஆஃப்செட்டில், அதாவது பிளேட் செய்து மெஷினில் அடிக்கும் முறையில், ஓர் இடத்தில் 300 பிரதிக்கு 26,000, 500 பிரதிக்கு 34,000 என்கிறார்கள். அதில் பக்க எண்ணிக்கை 208 என்று எழுதியிருக்கிறது. என் புத்தகம் 198தான். வெற்றுப் பக்கம் பத்துக்கும் சேர்த்து நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? எத்தனை பிரதி போடுவது, என்ன விலை வைப்பது என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மைவாசம்:

முதலில் தம்பியின் கணக்கு. தாள் வேறு, பக்கம் வேறு. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம், ஆகவே 198 பக்கத்துக்கு 99 தாள்தான். 99 × 0.09 = 8.9 மிமீ. உங்கள் ஸ்கேல் காட்டிய 9க்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது பாருங்கள். இன்ஜினியர் வழியைச் சரியாகப் பிடித்துவிட்டு இரண்டால் வகுக்க மறந்துவிட்டார்.

கேடிபி எண்களில் தப்பில்லை, ஆனால் அவை அவர்கள் அச்சடிக்கும் தாளுக்கான எண்கள். அங்கே கிரீம் தாள் கொஞ்சம் பருமனானது. நம் ஊர் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவுக்கு அதை வைத்தால் இப்படித்தான் ஆகும். ஜிஎஸ்எம் என்பது எடை, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. தடிமன் அல்ல. ஒரே 70 ஜிஎஸ்எம்மில் நன்றாக அழுத்தி வழவழவென்று வரும் தாளும் உண்டு, பஞ்சு மாதிரி உப்பலான நேச்சுரல் ஷேடும் உண்டு. இரண்டுக்கும் 200 பக்கத்தில் ஒன்றரை இரண்டு மிமீ வித்தியாசம் வந்துவிடும்.

இப்போது முழு அட்டை. பின்னட்டை + முதுகு + முன்னட்டை, சுற்றிலும் 3 மிமீ வெட்டு இடம் (ஒட்டியபின் வெட்டி எடுக்கும் ஓரம்). உங்கள் மாதிரிப் பிரதிக்கு அகலம் 139.7 + 9 + 139.7 + 6 = 294.4 மிமீ வந்திருக்க வேண்டும். உயரம் 215.9 + 6 = 221.9 மிமீ. நீங்கள் 298 மிமீ அகலத்தில் கொடுத்திருக்கிறீர்கள். மிச்சம் 3.6. அதை நடுவில் வைத்து ஒட்டினால் பக்கத்துக்கு 1.8 மிமீ அரக்கு வெளியே வழியும். நடந்தது அதுதான்.

என் யோசனை, அந்தப் பட்டையையே எடுத்துவிடுங்கள். கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பைண்டிங்கில் ஒரு மிமீ அங்கே இங்கே நகரத்தான் செய்யும். சந்தன நிறத்தையே முதுகிலும் ஓடவிட்டு எழுத்தை மட்டும் அரக்கில் வைத்தால் அந்த ஒரு மிமீ யார் கண்ணுக்கும் படாது. முதுகுக்கு நேர் விளிம்பு போட்ட அட்டை பத்தில் இரண்டாவது கோணலாகத்தான் வரும், இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

இன்னொன்று, தமிழுக்கே உள்ள தொல்லை. ஆங்கிலத் தலைப்பை கேப்பிடல் எழுத்தில் போட்டால் மேலும் கீழும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. நமக்கு மேலே 'கி'யின் சுழி, கீழே 'கு'வின் வளைவு. 9 மிமீ முதுகில் இரண்டு பக்கமும் 2 மிமீ விட்டால் கையில் இருப்பது 5 மிமீ. பாயிண்ட் கணக்கில் 14. அந்தச் சுழியும் வளைவும் சேர்ந்துதான் இந்த 14க்குள் அடங்க வேண்டும். பிடிஎஃப் எடுக்கும் முன் எழுத்தைக் கர்வ் (எழுத்துருவை நம்பாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் அச்சகக் கணினியில் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

சிவகாசிக்காரர்:

மேடம், 208 பக்கத்தில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ஆஃப்செட்டில் நாங்கள் பக்கம் பக்கமாக அடிப்பதில்லை, ஃபாரமாக, அதாவது பல பக்கங்களை ஒரு தொகுதியாகச் சேர்த்து அடிக்கிறோம். டெம்மியில் ஒரு ஃபாரம் 16 பக்கம். 198ஐப் பதினாறால் வகுத்தால் 12 ஃபாரம் போக 6 பக்கம் மிச்சம். அந்த ஆறு பக்கத்துக்காகப் பதின்மூன்றாவது ஃபாரம் ஏற்ற வேண்டும், அதற்குத் தனி பிளேட், தனி ஓட்டம். 13 × 16 = 208. அரை ஃபாரம் அடித்துத் தருபவர்களும் உண்டு. ஆனால் மிச்சமாவது கொஞ்சம்தான்.

செய்ய வேண்டியது ஒன்றே. 198ஐ 192 ஆக்குங்கள். வரி இடைவெளி 16 பாயிண்ட் என்றால் 15.5 ஆக்கிப் பாருங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தால் அதை விடுங்கள். ஆறு பக்கம் தானாகக் குறையும். டிஜிட்டலில் இந்தத் தொல்லை கிடையாது, இரட்டைப்படையாக இருந்தால் போதும்.

தாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நாளை யாராவது கூடச் சொன்னால் பிடித்துக்கொள்ளலாம். 23க்கு 36 அங்குல டபுள் டெம்மி ஷீட் ஒன்றில் 32 டெம்மிப் பக்கம். 192 பக்கத்துக்கு 6 ஷீட். 300 பிரதிக்கு 1,800 ஷீட், ரீமுக்கு 500 என்றால் 3.6 ரீம். வேஸ்ட் சேர்த்து 4 ரீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரீம் எடை: செ.மீ.யில் நீளம் × அகலம் × ஜிஎஸ்எம், அதை 20,000ஆல் வகுக்க வேண்டும். 58.4 × 91.4 × 70 என்று போட்டால் 18.7 கிலோ வரும். நான்கு ரீமுக்கு 75 கிலோ. அன்றைய கிலோ விலையால் பெருக்கினால் தாள் செலவு தெரிந்துவிடும்.

முதுகு விஷயத்தில் நான் எந்தச் சூத்திரத்தையும் நம்ப மாட்டேன். டம்மி கேளுங்கள். அச்சடிக்கப் போகும் அதே தாளில் 96 வெற்றுத் தாள் வெட்டி, அதே அட்டை போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுக்கிறவருக்கு ஒரு வெற்றுப் புத்தகம் ஒட்டித் தர யாரும் யோசிக்க மாட்டார்கள். அதை அளந்து அந்த எண்ணை வையுங்கள்.

சீக்கிரம் செய்யுங்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து எங்கள் ஊரில் வருடக் கடைசி வரை மெஷினுக்கு ஓய்வில்லை. சென்னைப் பக்கம் ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக மார்கழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.

கடைசிப்பக்கம்:

சிறிய பதிப்பகம் நடத்துகிறேன், விலை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆஃப்செட்டில் இரண்டு எண்ணிக்கைக்கு விலை வாங்கினீர்களே, அது நல்ல வேலை. 200 பிரதி கூடினால் 8,000 கூடுகிறது. அதாவது மெஷின் ஓட ஆரம்பித்தபின் ஒரு பிரதிக்கு 40 ரூபாய்தான். 300 பிரதிக்கு அப்படி 12,000. மீதி 14,000 பிளேட், மெஷின் ஏற்றும் செலவு. ஒரு பிரதி அடித்தாலும் அது உண்டு. டிஜிட்டலில் 112, இங்கே 40, வித்தியாசம் 72. 14,000ஐ 72ஆல் வகுத்தால் 194. ஆகவே 195 பிரதிக்குக் கீழே என்றால் டிஜிட்டல், மேலே என்றால் ஆஃப்செட்.

"500 போட்டால் பிரதி 68தானே" என்ற ஆசை வரும். எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, என் முதல் கவிதைத் தொகுப்பில் 310 பிரதி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மாமியார் வீட்டுப் பரணில் இருப்பது தனி. உட்கார்ந்து பெயர்களை எழுதுங்கள். யாருக்கு இலவசம், யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று இரண்டு பட்டியல். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஐம்பது போதும்.

விலை வைக்கும்போது அச்சுக்கூலியை மட்டும் பார்க்காதீர்கள். மெய்ப்பு பார்த்தவருக்கு, பக்க வடிவமைப்புக்கு, மாதிரிப் பிரதிக்கு, பார்சலுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 12,000 ஆகியிருந்தால், 300 பிரதியில் பிரதிக்கு 40 ஏறிவிடும். கடைக்காரர்கள் 35 முதல் 40 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள். 200 ரூபாய் விலை வைத்து 40 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு 120. இந்த 40ஐயும் அச்சுக்கூலியையும் கூட்டிப் பாருங்கள், விற்க விற்க நஷ்டம்! 250 வைத்தால் 150 கிடைக்கும், மூச்சு விடலாம். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஓர் ஆறுதல்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான அடையாள எண், வாங்கிவிட்டீர்களா? ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமை இணையத்திலேயே இலவசமாகத் தருகிறது, தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். காசு கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். அப்புறம், நான்கு பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று நூலகங்களுக்கும் வெளியிட்ட 30 நாளுக்குள் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும்.

நடத்துநர்மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஐஎஸ்பிஎன் வந்துவிட்டது, பார்கோடும் போட்டுவிட்டேன். அழகாக இருக்கட்டும் என்று அதையும் அரக்கு நிறத்தில், சந்தனப் பின்னணியில் வைத்தேன்.

மைவாசம்:

ஐயோ, அதை உடனே மாற்றுங்கள். கடைகளில் இருக்கும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியில் படிப்பவை. சிவப்பு சேர்ந்த கோடு அதற்கு வெள்ளை மாதிரிதான் தெரியும், கோடே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளைக் கட்டத்தில் சுத்தக் கறுப்புக் கோடு, வேறு எதுவும் வேண்டாம். முழு அளவு 37.3க்கு 25.9 மிமீ. இடம் பற்றாவிட்டால் 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள்.

புதுஎழுத்து:

இடையில் ஒரு சந்தேகம். விலையை அப்புறம் மாற்றினால் பார்கோடும் மாற்ற வேண்டுமா?

கடைசிப்பக்கம்:

வேண்டாம். அதில் இருப்பது 978இல் தொடங்கும் ஐஎஸ்பிஎன் எண் மட்டும்தான். விலை பக்கத்தில் தனியாக அச்சாவது.

நடத்துநர்மகள் (பத்து நாள் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் போட்டோம். சொந்தக்காரர்களுக்கும் அப்பாவின் டெப்போ நண்பர்களுக்கும் இலவசமாக 90. காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நம்புவது 140. ஆக 230. ஐம்பது சேர்த்தால் 280, ஆகவே ஆஃப்செட்டில் 300 என்று முடிவு செய்தோம். வரி இடைவெளியைக் குறைத்ததும் 191 பக்கத்தில் நின்றது, கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பழைய விசில் படத்தை வைத்து 192 ஆக்கினேன். புதிய விலை 24,500. பிரதிக்கு 82 ஆகிறது. மற்றச் செலவும் சேர்த்து 122. விலை 250.

டம்மி வந்தது. சூத்திரப்படி 96 × 0.09 = 8.6 வர வேண்டும் என்று அதற்கேற்ற அட்டையையும் தயாராக வைத்திருந்தேன். அளந்தால் 10 மிமீ! இவர்களிடம் இருப்பது நேச்சுரல் ஷேடாம், கொஞ்சம் உப்பலான தாள். டம்மி கேட்காமல் இருந்திருந்தால் இந்தத் தடவை எதிர்ப்பக்கம் தப்பாகியிருக்கும். அட்டை அகலத்தை 295.4 ஆக்கினேன். பட்டை போய்விட்டது. பார்கோடு கறுப்பாகிவிட்டது.

இப்போது அப்பா ஒன்று கேட்கிறார். முதுகில் தலைப்பும் பெயரும் போட்டிருக்கிறேன். பெயருக்குக் கீழே 'நடத்துநர், ஓய்வு' என்று சேர்க்க வேண்டுமாம். புத்தக முதுகில் யாராவது வேலையைப் போடுவார்களா என்றால் கேட்க மாட்டேன் என்கிறார்.

மைவாசம்:

டெம்மி உயரம் 216 மிமீ. மேலே கீழே பத்துப் பத்து விட்டாலும் 196 நீளம் இருக்கிறது. தலைப்பு 14, பெயர் 12, இது 9 பாயிண்ட். நன்றாக இடம் பத்தும், போட்டுக் கொடுங்கள் அம்மா.

சிவகாசிக்காரர்:

அந்த எழுத்து மட்டும் தனிக் கறுப்பில் இருக்கட்டும். 9 பாயிண்ட் எழுத்தை நான்கு நிறம் கலந்து அரக்கில் வைத்தால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பதிவு இம்மி விலகினாலும் 'ஓய்வு' இரட்டையாகத் தெரியும்.